கிணற்றுத் தண்ணீர் குடித்த பேட்டரி

பரங்கிப்பேட்டையில் மணி நாலு. காலை பத்து மணிக்கு என் பழைய காரின் பின்சீட்டில் ஏறிய மச்சான் ரஃபியுதீன், மடியில் தகரப்பெட்டியோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். நாகப்பட்டினத்தில் கப்பல் ஐந்து மணிக்கு. போய்ச் சேரவே மூன்று மணி நேரமாகும். இதை விட்டால் பினாங்கு முதலாளி வேறு ஆளை வைத்துவிடுவார். காலையில் ஹாரன் நோஞ்சான் ஆடு மாதிரி முனகியதைக் கேட்டு, பேட்டரி செத்துவிட்டது, பன்னிரண்டுக்குள் வந்துவிடுகிறேனென்று கடலூர் பஸ் ஏறிய மெக்கானிக் கோவிந்தசாமி, இப்போதுதான் புதியதைத் தோளில் சுமந்து வந்திருக்கிறார். பழையதன் மூடியைத் திருகுகிறார். உள்ளே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. “என்னா தண்ணி ஊத்துனீங்க பாய்?” “எங்க வூட்டுக் கெணத்துத் தண்ணிதான். வாராவாரம் ஜும்ஆ முடிஞ்சு வந்து தவறாம ஊத்துவேன்.” “கடலோரத்து உப்புத் தண்ணி. அதுல மீன் வளக்கலாம், பேட்டரி வளக்க முடியாது.” என்னைப்போல் இத்தனை அக்கறையாகக் காரைக் கொன்றவன் ஊரில் இருக்கமாட்டான். மச்சான் திட்டினாலாவது நிம்மதியாக இருக்கும். கோவிந்தசாமி புதியதை மாட்டி ஒயரை முடுக்கிவிட்டுத் தலையசைக்கிறார். சாவியைத் திருப்புகிறேன். எடுத்த எடுப்பிலேயே எஞ்சின் உறுமுகிறது. அந்தச் சத்தத்தில், கப்பல் எத்தனை மணிக்கென்று அறியாத என் தங்கை ஷரீபா, புருஷன் புறப்பட்டுவிட்டாரென்று வீட்டுக் கதவுக்குப் பின்னால் விம்மிக்கொண்டே பயண துஆ ஓதத் தொடங்குகிறாள். என் கை சாவிக்குப் போகிறது. “நிறுத்தாதீங்க மச்சான்,” என்கிறார் ரஃபியுதீன் மெதுவாக. “அவ ஓதி முடிக்கட்டும்.”