மழுங்கிய திருப்புளி

"பட்டறையை மூடியாச்சு. இந்த ஓட்டை உடைசலை எல்லாம் இன்னும் எதுக்குக் கட்டிக்கிட்டு அழறீங்க? பழைய இரும்புக்காரர் வாசல்ல நிக்கிறாரு, போட்டுடுங்க" என்றாள் மனைவி.

தையல் மெஷின் மெக்கானிக் ஒரு சாக்கை விரித்தார். தேய்ந்த ஸ்பேனர்கள், பல் போன அரம், வாய் கோணிய குறடு எல்லாம் அதற்குள் போயின. முனை மழுங்கிய சின்னத் திருப்புளி ஒன்றை மட்டும் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"அது மட்டும் என்ன ஒசத்தி? அதை வெச்சுப் பல்லுகூடக் குத்த முடியாது. நீங்க முதன்முதலா வாங்கினதா?"

"இது என்னோடதே இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி, உங்க வீட்டு மெஷினை ரிப்பேர் பண்ண வந்தப்போ அதோட டிராயர்ல கெடந்தது."

அவள் முகம் சிவந்தது. "அப்போ... உங்களுக்குத் தெரியுமா?"

"பின்னே? வாராவாரம் அதே ஸ்க்ரூ தானாவா கழண்டுக்கும்? உங்கப்பா கண்ணுல பட்டுடக் கூடாதேன்னு எடுத்துட்டு வந்தேன். அங்கதான் மாட்டிக்கிட்டேன்."

"எப்படி?"

"அதுக்கப்புறம் உங்க மெஷின் ரிப்பேராகவே இல்ல. உன்னைப் பார்க்க வேற என்ன வழி? அதான் பொண்ணு கேட்டு வந்துட்டேன்."