பக்கத்து அறை டிரைவர்

"ஏம்மா, சிக்னல் போடுறியா, இல்ல அங்கேயே தூங்குறியா? எண்ணூறு பேரை வச்சுக்கிட்டு நடுக்காட்டுல நிக்கிறேன்!"

போனில் டிரைவரின் கரகரத்த குரல். அவள் அவசரமாகத் திரையைப் பார்த்தாள்.

ரயிலும் நிஜமில்லை, காடும் நிஜமில்லை. கம்ப்யூட்டர் திரையில் ஊர்ந்த சிவப்புக் கோடுகள்தான் வண்டிகள். போனில் பேசுவது மட்டும் நிஜ ஆள். ஸ்டேஷன் மாஸ்டர் பயிற்சி மையத்தின் பக்கத்து அறையில் யாராவது உட்கார்ந்து டிரைவராகப் பேசுவார்கள். யாரென்று சொல்ல மாட்டார்கள். அது அங்கே விதி.

"சார், சிக்னல் கோளாறு. முன்னாடி லைன் காலியான்னு பார்த்துட்டு..."

"பார்த்துக்கிட்டே இரு! நீ காலேஜ் படிச்சியா, இல்ல காலேஜ் பக்கமா நடந்து போனியா?"

போன பரீட்சையில் இப்படித்தான் ஒரு டிரைவர் அதட்ட, பயத்தில் "சரி, போங்க சார்" என்றுவிட்டாள். திரையில் இரண்டு கோடுகள் முட்டிக்கொண்டன. ஃபெயில். வியாழக்கிழமை கடைசி வாய்ப்பு. அதிலும் கோட்டை விட்டால் வேலை போய்விடும். வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. "எம்பொண்ணு கை காட்டினாத்தான் ரயிலே நகரும்" என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

பத்து நாளாக இதே குரல். அன்று ஹாஸ்டல் அறைக்கு வந்தவள், பின்னாலேயே வந்து சேர்ந்த நெட்டையிடம் பொரிந்து தள்ளினாள். நெட்டை அவளோடு அறையில் தங்கியிருப்பவள். அடுத்த அணியில் அதே பயிற்சி.

"பேசாம ஒரு புகார் எழுதிக் குடு."

"கை உதறுதுடி. எப்படி எழுதுவேன்?"

"தள்ளு." நெட்டையே எழுதினாள். "'தரக்குறைவாகப் பேசுகிறார்'... 'பெண் என்றும் பாராமல்'... போதுமா?"

"மனசாட்சியே இல்லாத ஆளுன்னு போடு."

"போட்டாச்சு. கையெழுத்துப் போடு."

பயிற்சி அதிகாரி மேடம் புகாரைப் படித்தார். ஏனோ உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"பரீட்சை முடியட்டும்மா. அந்த ஆளையே உன் முன்னாடி நிறுத்துறேன். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேளு."

வியாழக்கிழமை போனில் வேறு குரல். எடுத்த எடுப்பிலேயே கத்தியது.

"இப்ப நீ அனுமதி குடுக்கலேன்னா உன் வேலையைக் காலி பண்ணிடுவேன்!"

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. பத்து நாள் கேட்டதற்கு இதெல்லாம் தாலாட்டு.

"நல்லாக் கத்துங்க சார். லைன் காலின்னு உறுதியாகிற வரைக்கும் வண்டி நகராது."

விசாரித்தாள். முன்னால் ஒரு சரக்கு வண்டி நின்றிருந்தது. அது அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே அனுமதி கொடுத்தாள்.

பாஸ்!

அதிகாரி சொன்னபடியே பக்கத்து அறைக் கதவைத் திறந்தார். "போ, உன் ஆளைப் பாரு."

உள்ளே நெட்டை. மைக்கை இழுத்து, "என்னம்மா, பாஸா?" என்றாள். ஸ்பீக்கரில் அதே கரகரத்த ஆண்குரல் வந்தது. குரலை மாற்றுவது கம்ப்யூட்டருக்குப் பெரிய காரியமா?

"நீயாடி? அப்ப அந்தப் புகாரு?"

"திட்டினவளுக்குத்தானே எல்லாம் ஞாபகம் இருக்கும்?" நெட்டை சிரித்தாள். "போன தடவை ஃபெயிலாகி நீ பாத்ரூம்ல அழுததை வெளியே நின்னு கேட்டேன். மேடத்துக்கிட்ட நானே கெஞ்சி வாங்கின வேலை இது."

அவள் நெட்டையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலடி."

"நன்றியை நீயே வச்சுக்கோ. திங்கட்கிழமை எனக்குப் பரீட்சை. எவனாவது அதட்டினா எனக்கும்தான் உதறும்." மைக்கை அவள் பக்கம் தள்ளினாள் நெட்டை. "உட்காரு. வாய் நிறையத் திட்டு!"