அடுத்த வரிசை

“பக்கத்து வரிசைக்குக் காவல் போட்டாச்சில்ல, அப்புறம் என்னம்மா—”

“போட்டதுதான் சார் இப்ப—”

“கையெழுத்தப் போடு பரிமளா!”

சோதனை அறிக்கையில் போட்டால் இந்த மெமரி சிப் நாளைக்கே ஆஸ்பத்திரி மானிட்டர்களுக்குள் போய்விடும். சிப்புக்குள் தகவல் பதிந்த ஒரே வரிசையை ஓயாமல் படித்துத் தட்டினால் பக்கத்து வரிசையில் பதிந்திருப்பது பூஜ்யம் ஒன்றாகப் புரண்டுவிடுகிறது என்றுதான், தட்டு கூடும்போதெல்லாம் பக்கத்து வரிசையைப் புதுப்பிக்கும் காவல் நிரலை அவள் எழுதினாள். இப்போது அந்தப் புதுப்பித்தலே தட்டாகி, அதற்கும் அடுத்த வரிசை புரண்டு கிடந்தது. திரையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என் காவலே அடிக்குது சார்.”

“வரிசைக்கெல்லாம் நீதான் பெத்த தாயா?” என்றார் மேலாளர் அருளப்பன். “அதுக்கும் ஒரு காவலப் போட்டுத் தொலையேன்.”

“போடறேன். அது யாரை அடிக்கும், சார்?”