தெருவில் என்ன விசேஷம்?

"பல்லு டாக்டரே, இன்னிக்குத் தெருவுல என்ன விசேஷம்?"

வேனின் பின்பக்கச் சாய்வுப் பலகையில் அவனுடைய சக்கர நாற்காலியை ஏற்றி, டிரைவர் அண்ணன் பட்டை மாட்டி முடிக்கக்கூட இல்லை. அதற்குள் கேட்டுவிட்டாள். தினமும் முதலில் ஏறுகிறவள் அவள்தான். ஜன்னலோரத்தில், மடக்குக் கோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவன் டாக்டர் இல்லை. பல் கட்டும் லேபில் பல்செட்டுக்கு மெருகு போடுகிறவன். அவள் பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். நடக்க முடியாதவர்களையும் பார்வை இல்லாதவர்களையும் வேலைக்குக் கூட்டிப்போகிற வேன் அது. இந்தப் பக்கத்துக்கு இவர்கள் இரண்டே பேர்.

"ஊரெல்லாம் பல்லு கட்டுறவரு, வாயைத் திறக்க மாட்டேங்கிறாரே!"

"சொல்றேன், சொல்றேன். தையல்கடைக்காரர் ஷட்டரைத் தூக்குறாரு. எதிர்த்த பேக்கரிக்காரர் அவரைப் பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிறாரு."

"இன்னும் ராசி ஆகலையா ரெண்டு பேரும்?"

"நேத்து ஆகியிருக்கும். கை குடுக்கப் போற நேரத்துல நடுவுல ஒரு கழுதை பூந்து கெடுத்துருச்சு."

"கழுதையா!" வாய்விட்டுச் சிரித்தாள். "கூசாம புளுகுறீங்க."

புளுகுதான். கடைகள் இரண்டும் நிஜம்; சண்டை அவன் மூட்டிவிட்டது. அவள் சிரிக்கிறாளே என்று நாளுக்கு நாள் வளர்த்துக்கொண்டே போனான். சொல்ல ஒன்றும் கிடைக்காத நாளில் அந்தத் தெருவில் ஒட்டகம்கூட வந்திருக்கிறது.

சிரித்து ஓய்ந்ததும் அவளுக்குக் கொட்டாவி வந்தது.

"பாலத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றீங்க. விடியறதுக்கு முன்னாடியே எந்திரிக்கணும்" என்றான். "இன்னிக்கோட உங்களுக்கு அந்தத் தொந்தரவு விட்டுது."

"ஆமா" என்றாள். "விட்டுது."

டிரைவர் அண்ணன் காரணமே இல்லாமல் ஒரு தடவை இருமினார்.

இன்று அவளுக்குக் கடைசி நாள். வேலையை விட்டுவிட்டு அக்கா ஊருக்குப் போகிறாள். அடுத்த வாரம் கல்யாணம்.

போன மாதம் இதே வேனில்தான் கேட்டாள். "அக்கா ஒரு இடம் பார்த்திருக்கா. என்ன சொல்லட்டும்?"

அவனிடம் ஒரே ஒரு வாக்கியம் ரொம்ப நாளாகத் தயாராக இருந்தது. லேபில் ஆள் இல்லாத நேரத்தில் மேசை மேலிருக்கும் பல்செட்டுகளுக்கு முன்னால் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறான். அத்தனையும் அவனைப் பார்த்து இளித்ததுதான் மிச்சம். அன்றைக்கு அவள் கேட்டபோது வாய் வரைக்கும் வந்த வாக்கியத்தை அப்படியே விழுங்கிவிட்டு, பெரிய மனுஷன் மாதிரி, "நல்ல இடமா இருந்தா சரின்னு சொல்லிடுங்க" என்றான்.

பயம் மட்டும் இல்லை. சொல்லி, அவளுக்கு அது பிடிக்காமல் போனால்? மற்றவர்கள் என்றால் மறுநாள் வேறு பஸ்ஸில் போய்க்கொள்வார்கள். அவளுக்கு இந்த வேனை விட்டால் வேலைக்குப் போக வேறு வழி இல்லை. பிடிக்காதவன் பக்கத்தில் உட்கார்ந்தே தீர வேண்டும் என்று ஒரு பெண்ணைக் கட்டிப்போடுவது நியாயமா? இப்படி நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டான். நினைப்பு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நெஞ்சு ஆறவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றது. அவள் எழுந்து கோலை விரித்தாள். இறங்காமல் நின்றாள்.

"வேற ஏதாவது சொல்லணுமா, பல்லு டாக்டரே?"

இப்போதாவது சொல்லித் தொலையேன் என்று மனசு அடித்துக்கொண்டது. வாசலைப் பார்த்தான்.

"வாசல்ல தண்ணி தேங்கியிருக்கு. பார்த்துப் போங்க."

"இன்னிக்கும் புளுகா?"

"இல்லைங்க. இது நிஜம்."

"சரிங்க. வர்றேன்" என்றாள். கோலைத் தட்டித் தட்டித் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போனாள். அவள் நீலத் துப்பட்டா கதவுக்குப் பின்னால் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். அழுதுவிடுவோமோ என்று அவனுக்கே பயமாக இருந்தது.

வேன் கிளம்பியது. ஏதாவது பேசியாக வேண்டும் போல் இருந்தது.

"அண்ணே, நாளையிலேர்ந்து உங்களுக்குப் பாதி அலைச்சல் மிச்சம்."

"என்ன அலைச்சல் தம்பி?"

"பாலத்தைத் தாண்டி அவங்க வீடு வரைக்கும் போய்க் கூட்டிட்டு வரணுமே, அது."

டிரைவர் அண்ணன் கொஞ்ச தூரம் போய் வண்டியை ஓரங்கட்டினார். கண்ணாடியில் அவனையே பார்த்தார்.

"உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கியிருந்தாங்க. இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுது?"

"என்னது அண்ணே?"

"அவங்க ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸுக்கே குடி வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு தம்பி. பக்கத்துலதான் நம்ம வேன் ஷெட்டு. காலையில நான் வண்டியை எடுக்கறப்ப ஏறி, உங்க வீடு வரைக்கும் ஒரு சுத்து வந்து, திரும்ப அங்கேயே இறங்கிடுவாங்க. நீங்க லீவு போட்ட அன்னிக்கு வேன் பக்கமே வர மாட்டாங்க."