மடிப்புக் கலையாத சட்டை

வெண்டைச் செடியின் சுணை பட்டால் கை அரிக்கும். அதற்காகக் காய் பறிக்க வந்த பெண்கள் எல்லாரும் சேலைக்கு மேல் பழைய ஆண் சட்டை ஒன்றைப் போட்டிருந்தார்கள். பொன்னழகு மட்டும் அன்றைக்கு மடிப்புக் கலையாத சந்தனக் கலர் சட்டையில் வந்தாள்.

“என்னக்கா, இம்புட்டு ஸ்டைலா வந்திருக்க?” என்றாள் மகேஸ்வரி.

“பீரோவுல சும்மாதான கெடக்கு.”

“இது ஒம் மகன் இளஞ்செழியன் சட்டையில்ல? குவைத்துல இருந்து வந்தா போடுவான்னு யாரையும் தொடவிட மாட்டியே!”

“இன்னும் நெறயா இருக்கு. ஒனக்கும் ஒண்ணு தாரேன். கை முழுசா மூடும்.”

மகேஸ்வரி கூடையைக் கீழே வைத்தாள்.

“அக்கா, மறைக்காமச் சொல்லு. பயலுக்கு என்னமும் ஆயிருச்சா?”

“நல்லாத்தான் இருக்கான். நேத்து பாத்தேன்.”

“போன்லயா?”

“திண்டுக்கல்ல. காய் மூட்டையோட பஸ்ஸுக்கு நின்னேன். எதுத்தாப்ல பிரியாணிக் கடையில இருந்து வந்தான்.”

“எப்ப வந்தானாம்?”

“கேக்கல.”

பொன்னழகு அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

“கூட ஒரு பொண்ணு, இடுப்புல பிள்ளையோட. என்னயத் தாண்டிப் போகயில ‘யாருங்க இது, ஒங்களையே பாக்குறாங்க’ன்னு கேட்டுச்சு. ‘தெரியல’ன்னான்.”

பொன்னழகு சட்டையின் கைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு காயைக் கிள்ளினாள்.

“நாளைக்கு அந்த நீலச் சட்டைய எடுத்துட்டு வாரேன். ஒனக்கு எடுப்பா இருக்கும்.”