பதினேழாவது இடம்

கெய்ரோவில் வண்டிகளை நியூட்ரலில், கைபிரேக் போடாமல் விட்டுவிட்டுத்தான் போவார்கள். பார்க்கிங் காவலாளி ஷெஹாத்தா அவற்றைத் தள்ளித் தள்ளி இடம் பண்ணுவான். டாக்டர் இனாஸ் மட்டும் கைபிரேக்கை இழுத்துவிட்டுப் போய்விடுவார். அவருடைய வெள்ளைக் கார்தான் போன வாரம் பதினேழாவது இடத்திலிருந்து திருடு போனது.

"காசு வாங்கிட்டு சீட்டு குடுத்தீங்கல்ல? அப்ப நீங்கதான் பொறுப்பு!" என்று சண்டைக்கு வந்தார் இனாஸ்.

முதலாளி ஹாஜி ஸாபிர் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். 'எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல.'

"படிக்கத் தெரியும்ல, டாக்டரம்மா?"

இன்று காலை ஷெஹாத்தா ஒரு நீலக் காரை அந்தக் காலி இடத்துக்குள் தள்ளினான். பாதியில் எதிலோ இடித்து நின்றது. முன்னால் போய்த் துழாவினான். வெறும் காற்றில் சூடான தகரம் கையில் பட்டது. அப்புறம் ஒரு கதவுப்பிடி.

"இந்த டாக்டரம்மா மறுபடியும் இழுத்துவிட்டுப் போயிடுச்சு" என்று முனகிக்கொண்டே, பழக்கதோஷத்தில் திறந்து உள்ளே உட்கார்ந்து கைபிரேக்கை இறக்கினான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள்பக்கம் பிடியே இல்லை.

மதியம் அவன் மனைவி நவால் ரொட்டியும் அவித்த அவரைக்கொட்டையும் கொண்டுவந்தாள்.

"ஹாஜி, எங்க வீட்டுக்காரர் எங்க?"

"காலையில இருந்தானேம்மா."

"உங்ககிட்டதானே வேலைக்கு வந்தார்? நீங்கதானே பதில் சொல்லணும்?"

ஹாஜி பலகையைக் காட்டினார்.

நவால் வரிசை வரிசையாகத் தேடினாள். கால் ஓய்ந்து, பதினேழாவது இடத்தில், நீலக் காருக்கு முன்னால், வெறும் காற்றில் முதுகைச் சாய்த்து நின்றாள். எதன்மேல் சாய்ந்தோம் என்று அவள் பார்க்கவில்லை. முதுகுக்கு ஒரு சாண் பின்னால் ஷெஹாத்தா கண்ணாடியைக் குத்திக்கொண்டிருந்தான்.