தட்டை மூக்கும் உருண்டை மூக்கும்

வாரம் முழுக்க டெல்பர்ட்டுக்கும் அவன் மனைவி ரோண்டாவுக்கும் ஒரே வாக்குவாதம். கைத்துப்பாக்கிக்கு வீட்டில் ஈயம் உருக்கி வார்க்கும் குண்டின் முனை தட்டை மூக்காகத்தான் இருக்க வேண்டும் என்றான் அவன். உருண்டை மூக்குதான் என்றாள் அவள்.

இன்று ஐடஹோ மாநிலத் துப்பாக்கி சுடும் அணியில் மிச்சமிருந்த ஒரே இடத்துக்கு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆளுக்கு ஐந்து குண்டு சுட்டார்கள்; குண்டுக்குப் பத்துப் புள்ளிவரை உண்டு. முடிவு வரும்வரை டெல்பர்ட்டுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நடுவர் ஆர்லோ இருவரின் இலக்கு அட்டைகளோடு வந்தார். "டெல்பர்ட் நாப்பத்தெட்டு. ரோண்டா முப்பத்தொண்ணு."

"பாத்தியா! உன் உருண்டையத் தூக்கி ஆத்துல போடு!" என்று குதித்தான் டெல்பர்ட்.

அட்டைகளை வாங்கியதும் அவன் முகம் மாறியது. தட்டை மூக்குக் குண்டு அட்டையைச் சுத்தமாக, வட்டமாக வெட்டும்; உருண்டை மூக்கு பிய்த்துக்கொண்டு போகும். அவன் அட்டையிலோ ஐந்து ஓட்டைகளும் பிய்ந்திருந்தன. சுத்தமான வட்டங்கள் ரோண்டாவின் அட்டையில், ஓரமாகச் சிதறிக் கிடந்தன.

"பதட்டத்துல முதல் குண்டுலேருந்தே என் அட்டையில சுட்டே," என்றாள் அவள் மெதுவாக. "உனக்கு முட்டை விழக்கூடாதேன்னு நான் உன்னுதுல சுட்டேன். பேசாம வா."

டெல்பர்ட் இரண்டு அட்டைகளையும் ஆர்லோவிடமே நீட்டினான்.

"பேரை மாத்திப் போடுங்க. ஐடஹோவுக்கு என் பொண்டாட்டி ஆடட்டும்."